நெகட்டிவ் என்று எழுத மாட்டேன்

நோயியல் படித்து முடித்துவிட்டு லேபில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை இங்கே யாரும் மிரட்ட மாட்டார்கள். "மேடம், ரிப்போர்ட் ரெடியா?" என்று மட்டும் கேட்பார்கள். காலையில் கேட்பார்கள், சாப்பிடும்போது கேட்பார்கள், வீட்டுக்குப் போக வண்டியை எடுக்கும்போது வாசலில் நின்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நம் தொழிலில் பாதித் தப்பு நடக்கிறது. அறுவை செய்யும் சர்ஜனை யாரும் சீக்கிரம் முடியுங்கள் என்று அவசரப்படுத்துவதில்லை. நம்மை மட்டும் பரோட்டாக் கடை மாஸ்டர் மாதிரி விரட்டுகிறார்கள். நேரம் தரவில்லையென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதனால் புதுக்கோட்டை டாக்டர்கள் நடுவே எனக்கு "வில்லங்கம்" என்று ஒரு பெயர் உண்டு. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், அந்தப் பெயர் இன்னும் சர்வீசில்தான் இருக்கிறது.

அந்தப் பெயரை நான் சம்பாதித்த விதத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். திசுவுக்கு நிறமேற்றும் ஸ்டெயின் எப்படிப் போடுவது, எத்தனை டிகிரியில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்காக என்னிடம் வர வேண்டாம்.

இதை உங்கள் வீட்டுக்காரர்களும் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்காக இரண்டு வரி. மார்பில் வரும் புற்றுநோய்க் கட்டிகளில் பல, பெண்ணின் உடம்பில் ஓடும் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்கிறவை. அப்படிப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் கட்டியின் செல்களில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஹார்மோன் ரிசப்டர் சோதனை. இருந்தால் செல்லின் நடுவே பழுப்பு நிறம் ஏறும். அதற்கு பாசிட்டிவ் என்று பெயர். அந்தப் பெண்ணுக்கு, ஹார்மோன் கட்டிக்குப் போய்ச் சேராமல் தடுக்கும் மாத்திரையைப் பல வருஷம் கொடுக்கலாம். நோய் திரும்பி வரும் வாய்ப்பை அது நன்றாகக் குறைக்கும். நிறம் ஏறவில்லையென்றால் நெகட்டிவ், அந்த மாத்திரையால் பயனில்லை, கொடுக்க மாட்டார்கள். நாம் எழுதும் ஒரு சொல்லில் ஒரு பெண்ணுக்கு அந்த மாத்திரை கிடைக்கிறது, அல்லது கிடைக்காமல் போகிறது.

அரசுப் பணியிலிருந்து வந்த பிறகு ஊரில் ஒரு தனியார் லேபில் சில வருஷம் இருந்தேன். ஒரு சித்திரை மாதம், சாயங்காலம் மங்குகிற நேரத்தில், ஒரு மருத்துவமனையிலிருந்து பிளாஸ்டிக் டப்பா வந்தது. மிட்டாய்க் கடையில் மிக்சர் போட்டு வைக்கும் டப்பா. அதற்குள் ஒரு பெண்ணின் முழு மார்பகத்தை அப்படியே திணித்திருந்தார்கள். கத்தி படவில்லை. மேலே கொஞ்சம் பார்மலின் ஊற்றியிருந்தார்கள். பார்மலின் ஊறி உள்ளே போனால்தான் திசு கெடாமல் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய உருப்படிக்குள் அது தானாக ஊறிப் போகுமா? வெட்டிப் பார்த்தேன். மேல் தோல் மட்டும் வெளுத்திருந்தது, உள்ளே ஊறாத பச்சைத் திசுவாகச் சிவந்து கிடந்தது.

மருத்துவமனைக்குப் போன் போட்டேன். "எப்ப எடுத்தது?" என்றேன். "இப்பத்தான் மேடம் எடுத்தாங்க" என்றார் நர்ஸ். சரி என்று துண்டு துண்டாக அறுத்துப் புது பார்மலினில் போட்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. அந்தத் திசுவின் வாடையே சரியில்லை.

சில நாளில் திசுவைச் சீவி ஒட்டிய ஸ்லைடு தயாரானது. புற்றுநோய் என்பதில் சந்தேகமே இல்லை, அது திருச்சியில் முன்பே ஊசி போட்டு எடுத்த துண்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அங்கே ஹார்மோன் சோதனை செய்யவில்லை. எப்படியும் அறுவை செய்து பெரிய கட்டி வரப்போகிறது, அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். ஆகவே அந்தச் சோதனை என் மேசைக்கு வந்தது. எங்கள் டெக்னீஷியன் ஜெனிபர் ஸ்டெயின் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கெட்டிக்காரி, கை நடுங்காமல் வேலை செய்கிறவள்.

கட்டியில் பழுப்பு துளிகூட ஏறவில்லை.

"நெகட்டிவ் மேடம். கண்ட்ரோல் சூப்பரா ஏறிருக்கு" என்றாள். கண்ட்ரோல் என்பது, சோதனை மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அதே ஸ்லைடில் நாம் ஓரமாக வைக்கும் வேறொரு பாசிட்டிவ் திசு. அது நன்றாகப் பழுப்பாகியிருந்தது. ஆக மருந்தில் கோளாறில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஸ்லைடை எடுப்பார்கள்.

நான் ஸ்லைடை நகர்த்தினேன். கட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் நல்ல பால் குழாய்கள் இருந்தன. நோய் இல்லாத, ஆண்டவன் கொடுத்தபடி இருக்கிற குழாய்கள். அவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் எப்போதும் பழுப்பாகும், எந்தப் பெண்ணுக்கும் ஆகும். இவளுக்கு ஒன்றுகூட ஆகவில்லை. பார்மலின் முதலில் பட்டிருக்கக்கூடிய ஓரத்துத் துண்டில் இன்னொரு முறை போடச் சொன்னேன். அதிலும் கட்டி வெறுமை, குழாயும் வெறுமை. கட்டியில் ஏற்பி இல்லாமல் போகலாம். நல்ல திசுவில் எப்படி இல்லாமல் போகும்? அப்படியென்றால் அது நம்மிடம் வரும் முன்பே கெட்டுப்போயிருக்கிறது. செத்த திசுவிடம் கேள்வி கேட்டால் அது பதில் சொல்லாது. பதில் சொல்லாததை இல்லை என்று எழுதுவது பொய்.

"நெகட்டிவ்னு எழுத மாட்டேன்" என்றேன். ஜெனிபர் ஸ்லைடைத் தானும் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "குழாயே ஏறல மேடம்" என்று ஒப்புக்கொண்டாள். லேப் முதலாளிதான் குதித்தார்.

"மேடம், ரெண்டு தடவ போட்டாச்சு. ரெண்டு தடவையும் நெகட்டிவ். அப்புறம் என்ன?"

"ரெண்டு தடவையும் டெஸ்ட் செல்லல சார்."

"செல்லலைன்னு ரிப்போர்ட் குடுத்தா நம்ம லேபுக்கு டெஸ்ட் போடத் தெரியலன்னுல்ல பேசுவாங்க. திருச்சிக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்றைக்கே அந்தப் பெண்ணின் தம்பி ரிப்போர்ட் கேட்டு வந்தார். முருகேசன் என்று பெயர், கீரனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவருடைய அக்கா சித்ராவுக்கு நாற்பத்து மூன்று வயது. திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை, தினம் கீரனூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர். கணவர் சிங்கப்பூரில். ஆகவே எல்லாவற்றுக்கும் தம்பிதான் அலைந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆபரேஷன் எத்தனை மணிக்கு முடிஞ்சுச்சு?"

"காலைலயே முடிஞ்சிருச்சு மேடம். பத்து மணிக்கெல்லாம் வெளிய கொண்டாந்து எங்களுக்குக் காட்டிட்டாங்க."

"காட்டிட்டு?"

"எங்கம்மா பாத்துச்சு, நான் பாத்தேன், மச்சான் வீட்டு ஆளுங்க பாத்தாங்க. எங்க மாமா மட்டும் திருப்பூர்லேருந்து வந்துக்கிட்டிருந்தாரு. தாய்மாமன், அவரு பாக்காம எப்புடி? ட்ரேயிலயே வையிங்க, அவரும் பாத்துறட்டும்னு நர்சம்மாகிட்ட நான்தான் சொன்னேன். அவங்களும் ஈரத்துணி போட்டு மூடி வச்சாங்க."

"மாமா எப்ப வந்தாரு?"

"கரூர்கிட்ட பஸ்ஸு நின்னு போச்சு மேடம். வந்து சேர சாயங்காலம் ஆயிருச்சு. பாத்துட்டு, 'சரி, எடுத்தாச்சுப்பா'ன்னு சொன்னாரு. அதுக்கப்பறந்தான் எங்க எல்லாருக்கும் நிம்மதி."

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். எடுத்ததை ட்ரேயில் வைத்து உறவுக்காரர்களுக்குக் காட்டுவார்கள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். தங்கள் பெண்ணின் உடம்பிலிருந்து எதை எடுத்தார்கள் என்று பார்க்க வீட்டாருக்கு உரிமை இருக்கிறது. டாக்டர்களுக்கும் அது காப்பு, பின்னால் வம்பு வராது. ஆனால் ஐந்து நிமிஷம் காட்டிவிட்டு அறுத்து பார்மலினில் போட வேண்டிய திசுவை, மாமாவின் பஸ் வரும்வரை சித்திரை வெக்கையில் ட்ரேயில் வைத்திருந்தார்கள். அந்தச் சில மணி நேரத்தில் ஏற்பிகள் கரைந்துபோயின. தம்பி அக்கா மேல் உள்ள பாசத்தில் கேட்டார். நர்ஸ் மாமாவுக்கு மரியாதை கொடுத்தார். எல்லோரும் நல்லவர்கள்தான்.

சர்ஜனுக்கு நானே போன் போட்டுப் பேசினேன். அவர் கைவேலை சுத்தமாக இருக்கும், கட்டியைச் சுற்றிலும் நல்ல திசு விளிம்போடு அழகாக எடுத்திருந்தார், அதையும் சொன்னேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"டாக்டர், நாப்பது வயசுக்காரிக்கு நெகட்டிவ் வர்றது என்ன அதிசயமா? எத்தனையோ பேருக்கு வருது. திருச்சியில கேன்சர் டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு. நீங்க போட்டு இழுக்காதீங்க" என்றார்.

"கட்டி நெகட்டிவா இருக்கலாம் சார். பக்கத்துல இருக்கற நல்ல குழாயுமா நெகட்டிவா இருக்கும்?"

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

யோசிப்பதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள்? இந்தப் பேச்சை நீங்களும் ஒரு நாள் கேட்பீர்கள். அப்போது கோபப்படுங்கள், தப்பில்லை. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு வேலையாவது செய்யுங்கள். முடியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்? பதில் வேறு எங்கே கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். திருச்சியில் முதலில் ஊசி போட்டு எடுத்த துண்டு, மெழுகில் பதித்த பிளாக்காக அந்த லேபில் இருக்கும். ஊசியில் வரும் துண்டு தீக்குச்சியைவிட மெல்லியது. எடுத்த நிமிஷமே பார்மலினில் விழுந்திருக்கும், யாருக்கும் காட்டியிருக்க மாட்டார்கள். அது கிடைத்தால் போதும்.

சித்ராவை வரச் சொன்னேன். தம்பியோடு வந்தார். தையல் இன்னும் பிரிக்கவில்லை. அறுவை செய்த இடத்திலிருந்து நீர் வடியும் குழாயையும் அதன் புட்டியையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தார். முழுக் கதையையும் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். சித்ரா குனியவில்லை.

"அப்ப அந்த மாத்திரை எனக்கு உண்டா இல்லியான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதானங்க?"

"அதான்."

"நீங்க நெகட்டிவ்னு எழுதியிருந்தா?"

"உங்களுக்கு மாத்திரை கிடையாதுன்னு முடிஞ்சு போயிருக்கும்."

"என் பொண்ணு பத்தாவது படிக்கிதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை.

முருகேசன் திருச்சிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். டாக்டர் லெட்டர் வேண்டுமாம். நான் எழுதிக் கொடுத்தேன். மறுபடி போனார். மேனேஜர் இல்லையாம், பிளாக்கை வெளியே கொடுக்கும் வழக்கமில்லையாம், அடுத்த வாரம் பார்க்கலாமாம். வழக்கமில்லை என்பது சுத்தப் புளுகு. அது நோயாளியின் உடம்பு, கேட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தாக வேண்டும். நான் போனில் சத்தம் போட்டேன். இந்தப் பக்கம் முதலாளி, "இன்னுமா முடியல?" என்று வருகிறவர் போகிறவர் முன்னால் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியத்துக்கு மேல் சித்ரா தனியாக வந்து நின்றார். துணிப்பை ஒரு தோளில், சாப்பாட்டுப் பை இன்னொரு கையில். முகமெல்லாம் வேர்வை. டிபன் பாக்ஸைத் திறந்தார். ஈரக் கைக்குட்டையில் சுற்றி உள்ளே பிளாக் இருந்தது. பஸ் வெக்கையில் மெழுகு உருகிவிடுமோ என்று நனைத்த துணியில் சுற்றி, குழாய்ப் பையையும் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் மடியிலேயே வைத்து வந்திருக்கிறார்.

"எப்படிக் குடுத்தாங்க?"

"குடுக்கலீங்க. மொதல்ல மேனேஜர் இல்லன்னாங்க. வரட்டும், இருக்கேன்னேன். சாவி இல்லன்னாங்க. தேடுங்க, இருக்கேன்னேன். நூறு பொடவைய பிரிச்சுப் போடச் சொல்லிட்டு ஒண்ணும் வாங்காமப் போறவங்களயே சிரிச்ச மொகத்தோட அனுப்புற ஆளுங்க நான். ஒக்காந்தே இருந்தேன். இந்தப் புட்டிய மடியில வச்சுக்கிட்டு எல்லாரும் பாக்கற மாதிரி ஒக்காந்திருந்தேன். வர்றவங்கள்லாம் என்னம்மா என்னம்மான்னு விசாரிக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் சாவி கெடச்சிருச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், சிரித்தால் தையல் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார்.

பிளாக்கைப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது. திருச்சியில் அதை ஏற்கெனவே நிறையச் சீவியிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு நூல் அளவு. மெஷினில் தப்பாகப் பொருத்திச் சீவினால் அந்த நூலும் போய்விடும், பிறகு இந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல உலகத்தில் வேறெதுவும் கிடையாது. முதலாளி, "நாளைக்குப் போடலாம், இப்ப அர்ஜென்ட் சாம்பிள் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. அவசரத்தில் சீவக் கூடாது. காலையில் மற்ற வேலை ஒன்றும் தொடாமல், யாரும் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு, ஜெனிபர் சீவினாள். நான் பக்கத்தில் நிற்கவில்லை. நின்றால் அவள் என் முகத்தைப் பார்த்து அவசரப்படுவாள் என்று வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். தேறியது கொஞ்சம்தான், ஆனால் தேறியது.

ஸ்டெயின் முடிந்து ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கட்டியை முதலில் பார்க்கவில்லை. மூலையில் ஒரே ஒரு நல்ல குழாய், பாதி அறுபட்டது, கிடைத்தது. அதில் நாலைந்து செல் பழுப்பு. இந்தத் திசு உயிரோடிருந்தபோதே பார்மலினில் போயிருக்கிறது, இதை நம்பலாம். பிறகுதான் கட்டிக்கு நகர்ந்தேன். கட்டி முழுக்கப் பழுப்பு. ஏறாத செல்லைத் தேட வேண்டியிருந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் என்று சொன்னால் பொய். பாதிக்கு மேல் ஆத்திரம். இவ்வளவு பழுப்பேறிய கட்டியை இல்லை என்று எழுதச் சொல்லி ஒரு ஊரே என்னை நெருக்கியிருக்கிறது.

பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் எழுதினேன். கீழே இரண்டு வாக்கியம் சேர்த்தேன். அறுவையில் எடுத்த திசு பல மணி நேரம் பார்மலினில் இடப்படாமல் வெளியே இருந்ததால் அதில் இந்தச் சோதனை செல்லாது, ஊசி மூலம் எடுத்த திசுவின் முடிவையே ஏற்க வேண்டும் என்று. இதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கெட்ட திசுவின் பிளாக் எங்கள் அலமாரியில் இருக்கிறது. பிற்பாடு வேறு ஊரில் வேறு டாக்டர் அதை வாங்கி மறுபடி சோதித்து, "அட, இது நெகட்டிவாச்சே" என்று மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆவது? அப்போது நான் பக்கத்தில் இருந்து கத்த முடியாது, ரிப்போர்ட் இருக்கும்.

அந்த வாக்கியங்களால்தான் சண்டை. முதலாளி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நேரே சர்ஜனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் மேசையில் வைத்தார். ரிப்போர்ட் வாங்க வந்த சித்ராவும் முருகேசனும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருக்கட்டும் என்று நானும் விட்டேன்.

"டாக்டர், பாசிட்டிவ்னு வந்திருச்சுல்ல, சந்தோஷம். அதோட விடுங்க. ட்ரேயில இருந்துச்சு, வெளிய இருந்துச்சுன்னு எதுக்கு எழுதுறீங்க? நாளைக்கு இதத் தூக்கிக்கிட்டு யாராவது கேஸ் போடவா?" என்றது சர்ஜனின் குரல்.

"உங்க பேரையோ ஆஸ்பத்திரி பேரையோ எழுதல சார். திசுவுக்கு என்ன ஆச்சோ அதைத்தான் எழுதியிருக்கேன்."

"அத எடுத்துட்டுக் குடுங்க."

"எடுக்க மாட்டேன்."

முதலாளி பார்த்தார், என்னிடம் நடக்காது என்று சித்ராவிடம் திரும்பினார். "அம்மா, அந்த ரெண்டு வரி இல்லாம சுத்தமா ஒரு ரிப்போர்ட் தர்றோம். உங்களுக்கு மாத்திரை கிடைக்கும், ஒரு கொறையும் வராது."

நான் எதிர்பாராத இடத்திலிருந்து அடுத்த குரல் வந்தது. முருகேசன், தலையைத் தூக்காமலே, "எடுத்துருங்க மேடம். வையிங்கன்னு சொன்னது நானு. எங்கக்காவ நானே கெடுக்கப் பாத்தேன்னு பேப்பர்ல இருக்க வேணாம்" என்றார்.

சர்ஜனிடம் பேசலாம், முதலாளியிடம் பேசலாம், அந்த மனிதரிடம் என்ன பேசுவது? சித்ராதான் பேசினார்.

"நீ ஏண்டா அழுவுற? ஒனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும்? மாமா பாக்கணும்னு நீ ஆசையாச் சொன்ன. தெரிஞ்சவரு அவரு." போனைக் காட்டினார். "வேணாம்ப்பா, கெட்டுப் போயிரும், போட்டோ எடுத்து வச்சு மாமாகிட்டக் காட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ கேட்டிருக்க மாட்டியா? ஒன்ன யாரும் குத்தம் சொல்லல." பிறகு முதலாளியிடம், "அந்த வரி இல்லாத பேப்பர் எனக்கு வேணாங்க சார்" என்றார்.

சர்ஜன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சித்ரா போன் பக்கமாகக் குனிந்து, "சார், வெள்ளிக்கிழமை தையல் பிரிக்க வாரேன். இதையும் கொண்டாரேன். நல்லாத்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க" என்றார். அதில் குத்தல் ஏதும் இல்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலிலேயே சொன்னார்.

அந்த ரிப்போர்ட் அப்படியே போனது. அதை வைத்துத் திருச்சியில் கீமோவுக்குப் பிறகு மாத்திரை எழுதினார்கள். சர்ஜன் எங்களுக்கு சாம்பிள் அனுப்புவதை நிறுத்தினார். முதலாளி பல மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, என் அறை ஏசியை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போனவர்கள் அதை மறந்தே போனார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை பார்த்தேன். வேலையை விட்டுப் போவேன் என்று நினைத்திருப்பார்கள். ஏன் போக வேண்டும்? நான் என்ன தப்புச் செய்தேன்?

பிறகு ஒரு நாள் அந்த சர்ஜனிடமிருந்து ஒரு வாளி வந்தது. மிக்சர் டப்பா இல்லை, அகலமான வாளி. உள்ளே திசுவை வரிசையாக அறுத்து, மூழ்கும் அளவு பார்மலின் ஊற்றியிருந்தார்கள். எடுத்த மணியும் போட்ட மணியும் மூடியில் எழுதி ஒட்டியிருந்தது. வெளியூரிலிருந்து வருகிற உறவுக்காரர்களுக்கு இப்போது செல்போனில் போட்டோ காட்டுகிறார்களாம், வாளி கொண்டுவந்தவர் சொன்னார். ஒரு வார்த்தை வருத்தம் கிடையாது, ஒரு போன் கிடையாது. எனக்கு அது வேண்டவும் வேண்டாம். வாளி சரியாக வந்தால் போதும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். கட்டி நெகட்டிவாகத் தெரிந்தால், கையெழுத்துக்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் நல்ல குழாயைப் பாருங்கள். அதுவும் வெறுமையாக இருந்தால் பேனாவை மூடுங்கள். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். உங்களுக்குச் சின்ன ஊர், சின்ன லேப் என்று ஒரு சமாதானம் சொல்லித் தருவார்கள், அதைக் கையால்கூடத் தொடாதீர்கள். கீரனூர்ப் பெண்ணுக்கும் சென்னைப் பெண்ணுக்கும் ஏற்பி ஒன்றுதான்.

போன மாதம் சித்ரா என் வீட்டுக்கு வந்திருந்தார். மாத்திரை தொடங்கிச் சில வருஷம் ஆகிவிட்டது. நோய் திரும்பி வராது என்று நான் யாருக்கும் எழுதித்தர மாட்டேன், இவருக்கும் தரவில்லை. இதுவரை வரவில்லை. ஆனால் மாத்திரை அவரைப் படுத்துகிறது. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் தீயாகக் கொதிக்கிறது, கடையில் நின்றால் மூட்டு கழன்று விழுகிறது, ராத்திரி தூக்கமில்லை.

"நிறுத்திறலாம்னு இருக்கேங்க" என்றார். கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு வாரமாகப் பிரிக்காத அட்டை.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. இத்தனை வருஷத்தில் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. "இந்த அட்டைக்காக எத்தனை பேர்கிட்ட நான் கெட்ட பேர் வாங்கினேன் தெரியுமா? புட்டிய மடியில வச்சுக்கிட்டு அந்த லேப்ல ஒக்காந்திருந்தது யாரு, நீங்கதானே? வலிக்குதுன்னா ஒங்க டாக்டர்கிட்டப் போயி வலிக்குதுன்னு சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு. நீங்களா நிறுத்துறதுக்கு ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

சித்ரா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"திட்டுவீங்கன்னு தெரிஞ்சுதாங்க இங்கிட்டு வந்தேன். வீட்டுல அம்மா, தம்பி, அவரு, எல்லாரும் பாவம் பாவம்ங்கறாங்க. ஒடம்பு தாங்கலன்னா விட்டுருங்கறாங்க. எல்லாரும் பாவம்னு சொன்னா எனக்கும் விட்டுறலாம்னுதான் தோணுது. திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல" என்றார்.

பிறகு அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி குடுங்க" என்று கையை நீட்டினார்.